எல்லாரும் டீச்சர்

கேரளத்து ஈந்துக்கடவு அரசு எல்.பி. தொடக்கப் பள்ளியில் வனஜா டீச்சர் ப்ரசீதாவை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் இருந்தால் "இங்க பாருங்க" என்பார். அடுத்த மேசையில் இருந்தால் மோதிர விரலால் மேசையைத் தட்டுவார். மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தால் கையைத் தட்டிப் பார்ப்பார். அதற்கும் திரும்பாவிட்டால், முட்டிவலியோடு அத்தனை தூரம் நடந்தே வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டு வருடமாக இதே கூத்துதான்.

அரபி பாடம் எடுக்கும் மொய்து மாஷுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. "எங்க உம்மா எங்க உப்பாவ இப்படித்தான் கூப்பிடுவாங்க. வளையலக் குலுக்குவாங்க, கதவத் தட்டுவாங்க, சாகற வரைக்கும் பேரு சொன்னதில்ல" என்பார். வனஜா முறைப்பார். ப்ரசீதாவும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வாள், பாவம்.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் இவ்வளவு வலிக்காது. மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். வனஜா தன் டப்பாவிலிருந்து வறுத்த மத்தியை எடுத்து, கேட்காமலே ப்ரசீதாவின் சோற்றின் மேல் வைப்பார். பதினாறு வருடப் பழக்கம் அது. அதில் முதல் பதினாலு வருடம் ப்ரசீதா அந்தப் பள்ளியில் மாஷாக இருந்தாள்.

அந்த ஊரில் ஆண் வாத்தியார் என்றால் மாஷ், பெண் என்றால் டீச்சர். பேரெல்லாம் அப்புறம்தான். வனஜாவின் வாயில் அந்த நாளில் "மாஷே" என்ற சொல் தேங்காய்ப்பால் மாதிரி இருக்கும். "மாஷே, சாவி எங்க?", "மாஷே, கஞ்ஞி ஆறுது", "என்ன மாஷே, முகம் ஒரு மாதிரி இருக்கு?" சொந்தத் தம்பியைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு உள்ளுக்குள் கூசிக்கொண்டும், அதைச் சொல்பவரை நேசித்துக்கொண்டும் பதினாலு வருடம் ஓட்டினாள் ப்ரசீதா. பிறகு ஒரு நீண்ட விடுப்பு, கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரி, அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். திரும்பி வந்தபோது அவளுக்குச் சேலை இருந்தது, பேர் இருந்தது, அந்தப் பேரில் அரசாங்க உத்தரவும் இருந்தது.

பிள்ளைகளுக்கு அது ஒரே காலையில் முடிந்துபோன வேலை. இரண்டாம் வகுப்பு வாண்டு ஒன்று அசெம்பிளி முடிந்ததும் வந்து, "மாஷ் இப்ப டீச்சர் ஆயிட்டீங்களா?" என்று கேட்டது.

"ஆமா."

"அப்ப கண்ண உருட்டி மெரட்ட மாட்டீங்கல்ல?"

"அது டீச்சரும் செய்யலாம்."

"ச்சே" என்று சொல்லிவிட்டு அது ஓடிப்போயிற்று. முடிந்தது. பெரியவர்களில் தலைமையாசிரியை மேரிக்குட்டி, உத்தரவு வந்த நாளிலிருந்து 'ப்ரசீதா டீச்சர்' என்று அச்சுக் கோத்த மாதிரிச் சொல்லத் தொடங்கினார். மொய்து மாஷ் தாடியைத் தடவிக்கொண்டு, "படைச்சவன் கிட்ட கணக்குச் சொல்ல வேண்டியது நீங்க. எனக்கென்ன கஷ்டம்? டீச்சரே, ஒரு சாக்பீஸ் குடுங்க" என்றார். போன ஜூனில் வந்து சேர்ந்த ஷிபின் மாஷுக்கு அவள் எப்போதுமே சேச்சி, அக்காதான். முன்கதை அவனுக்குச் செவிவழிதான்.

வனஜா ஒருவர்தான் பாக்கி. இத்தனைக்கும் கொச்சி ஆஸ்பத்திரிக்கு இந்தப் பள்ளியிலிருந்து போன ஒரே ஆள் அவர்தான். ரயிலேறி, எலுமிச்சை ஊறுகாயும் கஞ்ஞிக்குப் பயறும் எடுத்துக்கொண்டு போய், ஒரு பகல் முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சிக்குப் பிடித்த தலையை வாரிவிட்டார். புறப்படும்போது தன் ஓணத்துக் கசவுச் சேலையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்கு என்னென்ன செய்வாளோ அத்தனையும் செய்தார். வார்த்தை மட்டும் வரவில்லை.

ப்ரசீதா அதைக் கேட்டதும் இல்லை. கேட்டால் வனஜா சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கேட்டு வாங்கினால் பிச்சை. அவளுக்கு வேண்டியது அதுவல்ல. மதிய உணவுக் கூடத்தில் ஒரு நாள், யோசிக்காமல், கைதவறிக் கரண்டி விழுவது போல அந்தச் சொல் வனஜாவின் வாயிலிருந்து விழ வேண்டும். தான் பெண் என்பதற்குக் காகிதம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்; வனஜாவின் வாயால் வந்தால்தான் அவளுக்கு நெஞ்சு ஆறும். வனஜாவுக்கு இந்த மே மாதத்தோடு ஓய்வு. நாள் போய்க்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பவித்ரனின் மகன் மமதாவின் சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டான்.

மமதா ஒடிசாக்காரர்களின் மகள், மூன்றாம் வகுப்பு. அப்பா அம்மா இருவரும் செம்பாறைக் கல் வெட்டும் குவாரியில் வேலை. முன்பு பிள்ளைகள் குறைந்து இந்தப் பள்ளியை இழுத்து மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, அந்தக் குவாரிக் கொட்டகைகளில் ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தது ப்ரசீதாதான். அப்போது அவள் மாஷ். 'நம்ம பிள்ளைங்க பக்கத்துல அதுங்கள உக்கார வெக்கறதா?' என்று முணுமுணுத்தவர்களை நேருக்கு நேர் பார்த்து, உட்கார வைத்தாள். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் என்று இருந்த பெஞ்சுகளைக் கலைத்துப் போட்டாள். சக்கர நாற்காலிப் பிள்ளைக்குச் சரிவுப்பாதை கேட்டுப் பஞ்சாயத்து வாசலில் போய் நின்றாள். 'நம்ம மாஷ் ஒரு தனிப் பிறவி' என்று ஊர் மெச்சியது. இப்போது அதே வேலையைச் செய்தால் 'அந்த டீச்சருக்கு வேற வேலை இல்ல' என்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தட்டைத் தட்டிவிட்ட பையனை ப்ரசீதா கண்டித்தாள். சோற்றைப் பொறுக்க வைத்து, மமதாவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாள். அவன் கேட்டான், ஆனால் பக்கத்துப் பையனிடம், "டீச்சர்தானேடா. மாஷா இருந்தா பயப்படலாம்" என்றதும் அவள் காதில் விழுந்தது.

மறுநாள் பவித்ரன் வந்தார். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர், பி.டி.ஏ. தலைவர். முண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ப்ரசீதாவைத் தாண்டி, வனஜாவைத் தாண்டி, மேரிக்குட்டியின் அறையையும் தாண்டி, ஒன்றாம் வகுப்பு வாசலுக்குப் போனார். அங்கே போய் மரியாதையாக முண்டை இறக்கிவிட்டார்.

"மாஷே, பையன் விஷயம். நீங்க கொஞ்சம் பார்த்துக்கணும்."

ஷிபினுக்கு மீசையே இப்போதுதான் ஒழுங்காக வந்திருக்கிறது. அவன் திருதிருவென்று விழித்தான். "எனக்கு என்ன தெரியும் பவித்ரேட்டா? சேச்சி கிட்ட கேளுங்க. அவங்க வகுப்புப் பையன்" என்றான்.

"அது சரி மாஷே. ஆனாலும் ஒரு ஆம்பிளை இருக்கறப்ப ஆம்பிளை கிட்டதானே பேசணும்?"

ப்ரசீதா வராந்தாத் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதே பவித்ரன், தன் மூத்த பிள்ளை இங்கே படித்த காலத்தில், அவளைக் கண்டால் தூரத்திலேயே முண்டை இறக்கி விடுவார். அவள் தொண்டையைச் செருமினால் வகுப்பு அடங்கும். இப்போது கத்தினாலும் பாதிதான் அடங்குகிறது. பெண்ணாகப் பிறந்து வளர்ந்தவர்கள் இதைக் காற்று மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். வனஜா தன் வாழ்நாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ப்ரசீதாவுக்கோ இரண்டு சொல்லின் எடையும் தோளுக்குத் தெரியும். அவள் ஆசைப்பட்டு வாங்கிய சொல் இரண்டில் லேசானது.

ஆனால் அவளை அசைத்தது பவித்ரன் அல்ல, மமதாதான். அந்த வாரமே ஒரு மதியம் முழங்காலில் ரத்தம் வழிய அந்தப் பெண் மைதானத்திலிருந்து வந்தாள். வழியில் நின்ற ப்ரசீதாவைக் கடந்து, ஷிபினைத் தேடிப் போனாள். ப்ரசீதா ஓடிப்போய்ப் பிடித்து உட்கார வைத்து, காயத்தைக் கழுவினாள்.

"ஏன்டி என்கிட்ட வரல?"

"அவனுங்க தள்ளி விட்டாங்க டீச்சர். மாஷ் கிட்ட சொன்னாத்தான் பயப்படுவாங்க." பிறகு ஆறுதல் சொல்வது போல, "நீங்க டீச்சர்தானே, பாவம்" என்றாள்.

அன்று சாயங்காலமே ப்ரசீதா மேரிக்குட்டியின் அறைக்குப் போனாள். மாஷ், சார், மேடம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், இந்தப் பள்ளியில் பாடம் சொல்லித்தருகிற எல்லாரையும் 'டீச்சர்' என்றே பிள்ளைகளும் பெரியவர்களும் கூப்பிட வேண்டும், அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும் என்றாள்.

மேரிக்குட்டி கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல விஷயம்தான் டீச்சர். வேற ஸ்கூல்லயும் இதப் பத்திப் பேசிக்கிறாங்க. ஆனா நீங்க கொண்டு வந்தா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"என்ன சொல்லுவாங்க?"

"உங்களுக்காகத்தான்னு சொல்லுவாங்க."

சொன்னார்கள். டீக்கடையில் அன்றே சொன்னார்கள். 'அதுக்கு டீச்சர் பட்டம் வேணும்னு ஊர்ல இருக்கற மாஷ் எல்லாரையும் டீச்சராக்குது பாரு!' பஸ் ஏறும்போது பின்னாலிருந்து, "ஷிபின் டீச்சரே, சேலை எடுத்தாச்சா?" என்று யாரோ கத்த, ஷிபின் காது சிவந்துபோனான்.

ப்ரசீதாவுக்குச் சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு. அவளுக்காகவாம்! பஸ்ஸிலிருந்து இறங்கி வயல் வரப்பில் வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்த விஷயம் அவளுக்கு முழுசாக உறைத்தது. தீர்மானம் நிறைவேறினால் மொய்து மாஷும் டீச்சர், ஷிபினும் டீச்சர். அந்தச் சொல்லில் அப்புறம் பெண் எங்கே இருப்பாள்? வனஜா என்றாவது ஒரு நாள் அதைச் சொன்னாலும், தன்னைப் பார்த்துச் சொன்னாரா, பள்ளிக்கூடத்துச் சட்டத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று எப்படித் தெரியும்? ஊர் முழுக்க அவள் தனக்காகப் பானையை ஏற்றுகிறாள் என்று நினைத்தது. அவளோ தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு முன்னால் வனஜா சொல்லிவிட்டால் போதும். ஒரே ஒரு தடவை. அப்புறம் உலகமே டீச்சர் ஆகட்டும். கேட்கக் கூடாது என்ற வைராக்கியம் இருந்தது, ஆனால் வாய்ப்புக் கொடுக்கலாம் அல்லவா? அந்த வாரம் அவள் செய்த அசட்டுத்தனங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளி பீரோச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் நின்றாள், வனஜா கூப்பிடட்டும் என்று. வனஜா சாவி வேண்டாமென்று பூட்டைச் சுத்தியலால் உடைத்தார். வனஜாவின் வகுப்புப் பிள்ளையிடம், "உங்க டீச்சர் கிட்ட போய், உங்கள ஒருத்தங்க தேடறாங்கன்னு சொல்லு, அவங்க சொல்ற பதில அப்படியே வந்து சொல்லு" என்று அனுப்பினாள். பிள்ளை திரும்பி வந்து, "வனஜா டீச்சர் சொன்னாங்க, 'அங்க இருக்கறவங்க கிட்ட சொல்லு, வரேன்'னு" என்றது.

அங்கே இருக்கிறவங்க! ப்ரசீதா கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு வேளையில், தாங்காமல் வாயைத் திறந்துவிட்டாள். "நாளைக்குத் தீர்மானம் வருதே, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

வனஜா மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு என்ன தெரியும்? நான் போகப்போறவ."

"வாபஸ் வாங்கிடலாமான்னு பார்க்கறேன்."

வனஜா நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ வந்து போயிற்று. "அய்யோ, வேண்டாம்" என்றார் அவசரமாக. "வாங்காதீங்க. நல்லதுதான் அது." முள்ளெடுத்த மீனை ப்ரசீதாவின் சோற்றில் வைத்தார். ஏன் நல்லது என்று சொல்லவில்லை. ப்ரசீதா அன்று பூராவும் அந்த 'வேண்டா'மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பக்கம் நிற்கிறார் என்பது வரைக்கும் விளங்கியது. அதற்கே மனசு நிறைந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நாலாம் வகுப்பு அறையில் கூட்டம். பெற்றோர் கமிட்டியும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்திருந்தவர்களுக்குப் பழம்பொரியும் கட்டன்சாயாவும்.

மொய்து மாஷ் முதலில் எழுந்தார். "எனக்கு ப்ரசீதா டீச்சர் மேல மரியாதை உண்டு, எல்லாருக்கும் தெரியும். ஆனா என் பேரப்பிள்ளைங்ககூட என்னை மாஷுன்னுதான் கூப்பிடுது. கபர்ல வெக்கறப்பவும் 'மொய்து மாஷ்'னுதான் நாலு பேர் சொல்லணும். இந்த வயசுல என்னை டீச்சராக்காதீங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் உண்மையிலேயே கலங்கித்தான் இருந்தார்.

பவித்ரன் உட்கார்ந்தபடியே பேசினார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒருத்தருக்கு முண்டு பிடிக்கலன்னா, ஊர்ல உள்ள ஆம்பிளைங்க எல்லாரும் சேலை கட்டணுமா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மேரிக்குட்டி மேசையைத் தட்டினார். ப்ரசீதா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பவித்ரேட்டா, உங்க மூத்த பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது யாரு?"

அவர் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தான். அப்ப என்னைப் பார்த்தா முண்டை இறக்கி விடுவீங்க. ரோட்டுலகூட விடுவீங்க. இப்ப உங்க சின்னப் பையனுக்கும் நான்தான் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறேன். என்னைத் தாண்டிப் போயி ஷிபின் கிட்ட பேசறீங்க. என்ன குறைஞ்சது? அதே ஆளு. அதே வாய்ப்பாடு. அதே குரல். ஒரு சொல்லு மாறிச்சு, அவ்வளவுதான். இங்க உக்காந்திருக்கற வனஜா டீச்சருக்கு, மேரிக்குட்டி டீச்சருக்கு, அந்தச் சொல்லு முதல் நாள்லேருந்தே குறைச்சல்தான், அவங்க பழகிட்டாங்க. நான் ரெண்டு சொல்லையும் சுமந்து பார்த்தவ. அதனால சொல்றேன். ஒரு பொண்ணு முழங்கால்ல அடிபட்டு ரத்தத்தோட வருது, பக்கத்துல நிக்கற டீச்சர விட்டுட்டு மாஷத் தேடிப் போகுது. எட்டு வயசுலயே அதுக்குத் தெரிஞ்சு போச்சு, பொம்பளை சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு. நாளைக்கு அதுவே டீச்சர் ஆனா?"

அவள் உட்கார்ந்தாள். நல்ல பேச்சுத்தான். அவள் வாழ்நாளில் பேசியதிலேயே நல்ல பேச்சு. அதில் ஒரு சொல் தன்னையே திருப்பிக் கடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கை தூக்கச் சொன்னார்கள். ப்ரசீதாவோடு, கமிட்டியிலிருந்த குவாரித் தாய்மார் இருவரும், சரிவுப்பாதைப் பிள்ளையின் அப்பாவும், காது சிவந்த ஷிபினும் தீர்மானத்துக்கு ஆதரவாகத் தூக்கினார்கள். பவித்ரனும் அவர் பக்கத்து ஆட்களும் மொய்து மாஷும் எதிராகத் தூக்கினார்கள். மேரிக்குட்டி எண்ணிப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். "சரிசமமா இருக்கு" என்றார். "வனஜா டீச்சர் ரெண்டுக்கும் தூக்கலயே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வனஜா மடியில் கை கோத்து, குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கினார்.

"ஆதரவாத்தான்" என்றார்.

பவித்ரன் சாயாவை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார். மொய்து மாஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி, இனி நான் மொய்து டீச்சர். வீட்டுல போய் எப்படிச் சொல்லுவேன் படைச்சவனே" என்றார். மமதாவின் அம்மா வந்து, மலையாளமும் ஒடியாவும் கலந்து ஏதோ சொல்லி ப்ரசீதாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஜெயித்தாயிற்று. பள்ளிக்கு இது நல்லது, மமதாவுக்கு நல்லது, இன்னும் பிறக்காத எத்தனையோ பிள்ளைகளுக்கு நல்லது. அதில் ப்ரசீதாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திவிட்டு அவள் வராந்தாவுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"டீச்சரே!"

வனஜாவின் குரல்.

ப்ரசீதா நின்றாள். மேசைத் தட்டல் இல்லை, கைத்தட்டல் இல்லை. இரண்டு வருடம் காத்திருந்தது, அப்படியே, அந்தப் பழைய தேங்காய்ப்பால் குரலில். சந்தோஷம் என்றால் என்ன என்று அவளை யாராவது அந்த நிமிஷம் கேட்டிருந்தால், இதுதான் என்று கைகாட்டியிருப்பாள். திரும்பினாள். வனஜா முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. வந்து அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"டீச்சரே, டீச்சரே" என்றார், சொல்லிப் பார்ப்பது போல. "பாருங்க, வருது. எவ்வளவு சுளுவா வருது!"

"நீங்க கை தூக்குவீங்கன்னு நான் எதிர்பார்க்கல" என்றாள் ப்ரசீதா.

"தூக்காம? ரெண்டு வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்தது எனக்கு. உங்களுக்கு வலிக்குதுன்னு தெரியாமலா இருந்தேன்? ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும். ஆனா சொல்ல மாட்டேன். சொன்னா, என் மாஷ் செத்துப்போனதா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என் வீட்டுக்காரர் மெடிக்கல் காலேஜ்ல கிடந்தப்ப ரத்தம் குடுத்தாரே அந்த மாஷ். என் பசங்க பீஸுக்கு வழியில்லாம நான் அழுதப்ப கூட உக்காந்திருந்தாரே. அவரு போயிட்டாருன்னு நான் எப்படிங்க என் வாயால சொல்லுவேன்?" வனஜா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். முகம் மலர்ந்திருந்தது. "இன்னைக்குத்தான் ஆண்டவன் வழி காட்டினான். இனிமே மாஷும் டீச்சர், டீச்சரும் டீச்சர். நான் ஒண்ணையும் மாத்த வேண்டாம். என் மாஷையே டீச்சர்னு கூப்பிட்டுக்கலாம். பொய்யும் இல்ல, உங்களுக்கு வருத்தமும் இல்ல. நீங்களே சொன்னீங்கல்ல அங்க, அதே ஆளுன்னு? அதக் கேட்டதும்தான் கையத் தூக்கினேன்."

அந்த முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. இருந்திருந்தால் ப்ரசீதா பிழைத்திருப்பாள். இத்தனை வருடம் அவளுக்கு மீன் முள்ளெடுத்து வைத்த பெண் அவளைப் பார்க்கவே இல்லை. சேலைக்குள் நின்ற வேறு யாரையோ பார்த்து ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனாலும் ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"டீச்சரே" என்றாள். "நான் மாஷ் இல்ல."

வனஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ, பழக்க தோஷம்! தீர்மானம் எழுதின மை காயல, அதுக்குள்ள நானே மீறிட்டேன் பாருங்க." சிரித்தபடி ப்ரசீதாவின் தோளில் தட்டினார். "ஆமா ஆமா, இனிமே இங்க மாஷுன்னு யாரு இருக்கா? எல்லாரும் டீச்சர்தான். வாங்க டீச்சரே, பஸ் போயிடும்."

ப்ரசீதா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கூட நடந்தாள். பஸ் ஸ்டாப் போய்ச் சேரும்வரை வனஜா இரண்டு வருடத்துக்கும் சேர்த்து, டீச்சரே, டீச்சரே என்று ஆசை தீரக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கூப்பிடுவது யாரை என்று தெரிந்துகொண்டே, ஒவ்வொரு தடவையும் ப்ரசீதா "ம்" என்றாள்.